ராமேஸ்வரம் முதல் கன்னியாகுமரி வரை: கடலோரமாக பஸ்ஸில் போகிறவர்களுக்கு

ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு நேர் பஸ் உண்டு. ஏறி உட்கார்ந்தால் ஒரு பகலில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் கடலைப் பார்க்கலாம் என்று நினைத்து அதில் ஏறுகிறவர்கள் சாயல்குடி வருவதற்குள் சலித்துப்போகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் இருந்தாலும், ராமநாதபுரத்துக்குத் தெற்கே அது பெரும்பாலும் கடலை விட்டுத் தள்ளித்தான் ஓடுகிறது. ஜன்னலில் தெரிவது பனங்காடு, வேலிக்கருவை, உப்பளம், நடுவில் எப்போதாவது ஒரு கண்மாய். கடல் இருப்பது பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் பிரியும் விலக்குச் சாலைகளின் முடிவில். எந்த விலக்கில் இறங்குவது, இறங்கினால் அடுத்த வண்டி எப்போது வரும் என்ற இரண்டும் தெரிந்தால் போதும், தென்தமிழ்நாட்டில் இதைவிட நல்ல பஸ் பயணம் எனக்குத் தெரிந்து இல்லை. முதல்முறை போகிறவர்களுக்காக அதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பயணத்தை மூன்று துண்டாக்குங்கள்

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், குளத்தூர் வழியாகத் தூத்துக்குடி சுமார் 120. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் 40, அங்கிருந்து உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி ஏறக்குறைய 90. இந்த மூன்று துண்டுக்கும் மூன்று பகல் ஒதுக்கினால் நிதானமாகப் போகலாம்.

இரவு தங்க ராமேஸ்வரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, தர்காவுக்கு வருகிறவர்களுக்காக ஏர்வாடியில் இருக்கும் விடுதிகளை விட்டால், முன்பின் தெரியாதவர் இரவில் இறங்கி அறை தேடக்கூடிய ஊர் கிடையாது. ஆகவே நடுத்துண்டைக் காலையில் தொடங்கி இருட்டுவதற்குள் முடிப்பதுதான் சரி.

எப்போது போகலாம்

ஜனவரியும் பிப்ரவரியும்தான் அருமையான மாதங்கள். மழை ஓய்ந்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், பறவைகள் இருக்கும், வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். மார்ச்சுக்கு மேல் ராமநாதபுரத்து வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆனால் பதனீர் குடிக்க வேண்டுமென்றால் அந்த வெயில் காலத்தில்தான் வர வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உவரிக்குத் தெற்கே காற்று மண்ணை வாரி அடிக்கும். கூடங்குளம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் அந்தக் காற்றுதான் காரணம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை இருந்தால் தனுஷ்கோடிச் சாலையை மூடிவிடுவார்கள். அன்று அந்தப் பக்கம் திட்டமே போடாதீர்கள்.

திருவிழா நாட்களைக் காலண்டரில் பார்த்துக்கொள்வது ரொம்ப முக்கியம். திருச்செந்தூரில் கந்த சஷ்டி, வைகாசி விசாகம், குலசேகரப்பட்டினத்தில் தசரா, ஏர்வாடியில் சந்தனக்கூடு, இந்த நாட்களில் சிறப்பு பஸ்கள் விட்டாலும் நிற்க இடம் கிடைக்காது. விஜயதசமி அன்று இரவு குலசையில் சூரசம்ஹாரம். அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி, கடலைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வேறு வாரம் பாருங்கள்.

பஸ் நிலையத்தில் என்ன கேட்க வேண்டும்

"தூத்துக்குடி பஸ் எங்கே நிற்கும்?" என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். வழியைச் சேர்த்துக் கேளுங்கள். சாயல்குடிக்குக் கடலாடி வழியாகவும் வண்டி உண்டு. அது உள்நாட்டுப் பாதை. நமக்கு வேண்டியது கீழக்கரை, ஏர்வாடி வழி. அதேபோலத் திருச்செந்தூரில் நாகர்கோவில், கன்னியாகுமரி வண்டிகளில் சில உவரி வழியாகப் போகும், சில சாத்தான்குளம், திசையன்விளை வழியாகப் போகும். முகப்புப் பலகையில் ஊர்ப்பெயர் பெரிதாக இருக்கும், வழி சிறிய எழுத்தில் கீழே இருக்கும். அந்தச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு ஏறுங்கள். தவறிப்போய்த் திசையன்விளை வண்டியில் ஏறிவிட்டாலும் நஷ்டமில்லை. கடலுக்குப் பதிலாகத் தேரிக்காட்டின் செம்மண் மேடுகளைப் பார்க்கலாம்.

டைம் கீப்பர் அறை எல்லாப் பெரிய நிலையத்திலும் இருக்கும். அங்கே கேட்க வேண்டியது மூன்று: இந்த வழியில் அடுத்த வண்டி எப்போது, அதற்கடுத்தது எப்போது, கடைசி வண்டி எப்போது. இரண்டாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் இறங்கப் போகிறவருக்கு அதுதான் உயிர்.

எக்ஸ்பிரஸ், பாயிண்ட் டு பாயிண்ட் என்று எழுதியிருக்கும் வண்டி விலக்குகளில் நிற்காது. வேகம் நமக்கு வேண்டாம், எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் சாதாரண வண்டியே நல்லது. தூத்துக்குடியில் பழைய பஸ் நிலையம், புதிய பஸ் நிலையம் என இரண்டு இருக்கின்றன. எந்த நிலையத்துக்குப் போகும் வண்டி என்பதை ஏறும்போதே கேட்டுவிடுங்கள். அறை பிடிப்பதும் அதைப் பொறுத்தது.

எந்தப் பக்கம் உட்காருவது

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே போகும்போது கடல் எப்போதும் இடப்பக்கம். காலையில் வெயிலும் அந்தப் பக்கம்தான் அடிக்கும். பிற்பகலில் வெயில் வலப்பக்கம் போய்விடும், இடப்பக்க ஜன்னல் நிழலாகிவிடும். ஆகவே நடுவில் இறங்காமல் நீண்ட தூரம் போவதற்குப் பிற்பகல் வண்டி சுகம். இடப்பக்க முன் இருக்கைகள் பல வண்டிகளில் மகளிருக்கு ஒதுக்கியவை. ஆண்கள் இடப்பக்கம் பின்படிக்கு அருகில் இடம் பாருங்கள். குலுங்கும், ஆனால் காற்று நன்றாக வரும்.

ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பும் முதல் துண்டில் மட்டும் வலப்பக்கம் உட்காருங்கள். பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் ஏறியதும் வலப்பக்கம் ரயில் பாலம் தெரியும். 1914-இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்தில், நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். வண்டி பாலத்தைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில் போனைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள்.

விலக்கில் இறங்குவது எப்படி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

விலக்கு என்பது பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் கிளைச் சாலை பிரியும் இடம். ஒரு பெயர்ப்பலகை, ஒரு நிழற்குடை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு டீக்கடை. ஊர் அங்கிருந்து ஒரு கிலோமீட்டராகவும் இருக்கலாம், எட்டு கிலோமீட்டராகவும் இருக்கலாம். அதனால் டிக்கெட் வாங்கும்போதே நடத்துநரிடம், "அண்ணே, விலக்கிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்? உள்ளே போக வண்டி இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பாதையிலேயே தினமும் போய் வருகிறவர். அவர் "நடந்துடலாம்" என்றால் நடக்கலாம், "ஆட்டோ பேசிக்குங்க" என்றால் பேசிக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை கடலுக்கு ஓடுவதல்ல. எதிரில் உள்ள டீக்கடையில் ஒரு டீ சொல்லுங்கள். அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ், கடைசி பஸ் மூன்றையும் அந்தக் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு எல்லா வண்டியும் மனப்பாடம். "ரெண்டே காலுக்கு ஒண்ணு வரும், அதை விட்டா நாலரை" என்பார். அவர் சொன்னதில் முன்பின் பத்து நிமிடம் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஊருக்குள் ஆட்டோவில் போனால் ஓட்டுநரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது விலக்குக்கு வர அவரையே கூப்பிடலாம். போகும்போதே போகவர வாடகை பேசிவிடுவது இன்னும் நல்லது.

திரும்பி வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நிழற்குடைக்குள் உட்கார்ந்திருந்தால் வண்டி நிற்காமல் போய்விடும். சாலையோரம் வந்து, தூரத்தில் வண்டி தெரிந்ததுமே கையைக் காட்டுங்கள். இருட்டிவிட்டால் போன் விளக்கை ஆட்டுங்கள். இரவு ஏழரைக்கு மேல் எந்த விலக்கிலும் நிற்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். பயத்துக்காகச் சொல்லவில்லை, வண்டி குறைவு என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கெங்கே இறங்கலாம்

தனுஷ்கோடி: ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை அரசு பஸ் போகிறது. 2017-இல் கடைசி வரை தார்ச்சாலை போட்ட பிறகு வந்த வசதி இது. அதற்கு முன் மணலில் வேன்தான். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் வழியிலேயே இருக்கின்றன. போகும்போது நேராக அரிச்சல்முனைக்குப் போய்விட்டு, திரும்பும்போது பழைய ஊரில் இறங்குங்கள். இரண்டு பக்கமும் கடல். வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே அலை அடிப்பதை ஆண் கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். முனையில் நீரோட்டம் பொல்லாதது, குளிக்க இறங்கக் கூடாது. மாலைக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள். காலை முதல் வண்டியில் போகிறவருக்குத்தான் அந்த இடம் முழுசாகக் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் வேன்களும் கார்களும் வந்து நிறைந்துவிடும்.

கீழக்கரை: வண்டி நிற்கும் நேரத்தில் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலில் கிண்டிய, கைக்கு ஒட்டாத கறுப்பு இனிப்பு. இரண்டு மூன்று நாள் பயணத்துக்குத் தாங்கும். நேரம் இருந்தால் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்க்கலாம்.

ஏர்வாடி தர்காவை வணங்கப் போகிறவர்கள் இறங்கலாம், மற்றவர்கள் தொடரலாம்.

சாயல்குடி: நடுத்துண்டின் மையம். சாப்பாடு, கழிப்பறை, ஏடிஎம் எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், இதற்குப் பிறகு தூத்துக்குடி வரை பெரிய ஊர் இல்லை. இங்கிருந்து ஆட்டோ பேசி மாரியூர் போய் வரலாம். கடலை ஒட்டிய பூவேந்தியநாதர் கோயில், வெள்ளை மணல், வார நாளில் போனால் ஆளே இருக்காது. வழியெல்லாம் உப்பளம். தமிழ்நாடு உப்புக் கழகம் 1974-இல் இந்த மாரியூர், வாலிநோக்கம் பகுதியில்தான் தொடங்கியது. பாத்திகளில் வெயில் பட்டு உப்பு பூப்பதை அருகில் போய்ப் பார்க்கலாம், வரப்பில் மட்டும் நடங்கள், பாத்தியில் கால் வைக்காதீர்கள்.

நரிப்பையூர், வேம்பார்: சாலை கடலுக்கு நெருங்கி வரும் இடம். இந்தப் பகுதியில் ஜன்னலோரம் இல்லையென்றால் எழுந்து படிக்கட்டு அருகில் கம்பியைப் பிடித்தாவது நில்லுங்கள். பனைக்கு நடுவே ஒரு நீலக் கோடு வந்து வந்து மறையும். வேம்பாரில் பருவத்தில் கருப்பட்டி வாங்கலாம்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர்: வண்டிகள் அடிக்கடி உண்டு, தனியார் பஸ்களும் ஓடுகின்றன. முக்காணி, ஆத்தூர் பக்கம் தாமிரபரணியைக் கடக்கும்போது காட்சி சட்டென்று பச்சையாகிவிடும்: வாழை, நெல், புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால். உப்பும் கருவையும் பார்த்துவந்த கண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

மணப்பாடு: இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இறங்க முடியும் என்றால் இங்கே இறங்குங்கள். திருச்செந்தூரிலிருந்து ஊருக்குள் வரும் டவுன் பஸ்ஸையே பாருங்கள். இல்லையென்றால் விலக்கில் இறங்கி நடக்கலாம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணற்குன்று, அதன் மேல் திருச்சிலுவைத் தேவாலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1542-இல் இந்தக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை குன்றின் கடல் பக்கச் சரிவில் இருக்கிறது. குன்றின் ஒரு பக்கம் அலை வந்து பாறையில் மோதும், மறுபக்கம் கழிமுகத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கும். மேலே நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். மாலை நான்கு மணிக்கு மேல் வந்து வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். செப்டம்பர் 14 திருவிழா. அந்த வாரம் கூட்டம் அதிகம்.

வழியில் குலசேகரப்பட்டினம் வரும். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது இங்கேதான்.

உவரி: கடற்கரையிலேயே சுயம்புலிங்க சுவாமி கோயில். நேர்ந்துகொண்டவர்கள் ஓலைப்பெட்டியில் கடல்மண்ணைச் சுமந்து வந்து கரையில் கொட்டுவதைப் பார்க்கலாம். கொஞ்ச தூரத்தில் அந்தோணியார் கோயிலும் கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோயிலும். வண்டி நிறுத்தத்திலிருந்து எல்லாம் நடைதூரம்தான், ஆகவே ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவில் பார்த்து முடித்துவிடலாம்.

கூடங்குளத்தில் அணுமின் நிலையத்தைப் படம் எடுக்கப் போகாதீர்கள். தேவையில்லாத கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அங்கிருந்து அஞ்சுகிராமம், பிறகு கன்னியாகுமரி.

காசும் டிக்கெட்டும்

2018-இல் நிர்ணயித்த கட்டணத்தின்படி சாதாரண வெளியூர் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா. 100 கிலோமீட்டருக்கு அறுபது ரூபாய் சுமார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்பிரஸ் கொஞ்சம் கூடுதல். இறங்கி ஏறினால் மொத்தத்தில் சில ரூபாய்தான் அதிகம் ஆகும். 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. வெளியூர் பஸ்ஸுக்கு அது பொருந்தாது. ஆனால் மணப்பாடு போன்ற ஊர்களுக்குள் போகும் டவுன் பஸ்ஸில் பொருந்தும். பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் வண்டியில் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் நடத்துநர் சில்லறைக்கு எங்கே போவார்?

பையில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு துண்டு, கொஞ்சம் கடலைமிட்டாயோ பிஸ்கட்டோ. பை மடியில் வைக்கிற அளவில் இருக்கட்டும். சக்கரம் வைத்த பெட்டி மணலில் ஒன்றுக்கும் உதவாது. சாயல்குடிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே சுத்தமான கழிப்பறை கிடைப்பது கஷ்டம். பெண்கள் இதை மனதில் வைத்தே நிறுத்தங்களைத் திட்டமிடுங்கள்: ஏர்வாடி, சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று வைத்தால் சமாளிக்கலாம். சில இடங்களில் சிக்னல் போய்விடும் என்பதால் நேரங்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்களில்

காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், வள்ளத்தின் மேல் ஏறி உட்காராதீர்கள். ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். கருவாடு காயும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது அந்தப் பெண்களை அவமதிப்பது. அது அவர்களின் சாப்பாடு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடலுக்குள் இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அனுமதியின்றித் தீவில் இறங்கக் கூடாது. யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றாலும் போகாதீர்கள். கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுத்துப் பையில் போடுவதும் குற்றம்தான். பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்

நடுத்துண்டை விட்டுவிடுங்கள். முந்தின இரவே திருச்செந்தூர் வந்து தங்கி, விடிகாலையில் கோயில் வாசல் கடற்கரையைப் பார்த்துவிட்டு, முதல் டவுன் பஸ்ஸில் மணப்பாடு போங்கள். வெயில் ஏறுவதற்குள் விலக்குக்குத் திரும்பி உவரி வழி வண்டியைப் பிடியுங்கள். உவரியில் மதியச் சாப்பாடு முடித்து அடுத்த பஸ் ஏறினால், சூரியன் மறைவதற்கு முன் கன்னியாகுமரியில் இறங்கிவிடலாம். கன்னியாகுமரிக்கு நேர் வண்டி கிடைக்காவிட்டால் அஞ்சுகிராமத்தில் மாறிக்கொள்ளுங்கள்.